குளத்துக்கு என்ன செய்கிறது? குறிகண்டு பழுது நீக்கும் வழிமுறை

உடம்பு சுகமில்லாதவரிடம் "என்ன செய்கிறது?" என்று கேட்பது நம் வழக்கம். குளத்துக்கும் அந்தக் கேள்வி பொருந்தும். நீரின் நிறம், விடியற்காலையில் மீன்களின் நடமாட்டம், சேற்றின் வாடை, கரையோரச் செடிகள் ஆகியவற்றை ஒழுங்காகக் கவனித்தால், கோளாறு எங்கே இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தின் உதவி இல்லாமலேயே அறிந்துகொள்ள முடியும். திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணிக் கால்வாய்களால் நிறையும் குளங்களையும், மழையை மட்டும் நம்பியிருக்கும் மானாவாரிக் குளங்களையும் மனத்தில் வைத்து, ஊர்க்குளத்தின்மேல் அக்கறை உள்ளவர்கள் தாங்களே செய்து பார்க்கக்கூடிய முறையில் இதை எழுதுகிறேன்.

குறிகளுக்குப் போகுமுன், நல்ல நிலையில் உள்ள குளம் எப்படித் தன்னைத் தானே நடத்திக்கொள்கிறது என்பது விளங்கியிருக்க வேண்டும். யாரும் தீனி போடாமல் அதில் மீன் வளர்கிறது. யாரும் கூட்டிப் பெருக்காமல் அதன் அடித்தரையில் விழுந்த இலை மக்கி மறைகிறது. வெயிலைப் பிடித்துப் பாசியும் நீர்ச்செடியும் உணவு ஆக்குகின்றன. அந்தப் பாசியை, ஊசிமுனை அளவில் துள்ளித் துள்ளி நீந்தும் நீர்த்தெள்ளு முதலிய சிற்றுயிர்கள் மேய்கின்றன. அவற்றை மீன்குஞ்சும், குஞ்சை விராலும், விராலை நாரையும் தின்கின்றன. எல்லாவற்றின் கழிவையும் சடலத்தையும் பாக்டீரியாக்கள் சிதைத்து மீண்டும் பாசிக்கு உரமாக்குகின்றன. ஒன்றின் பெருக்கத்தை மற்றொன்று தடுத்து நிறுத்துவதால்தான், மேலிருந்து ஆணையிடுபவர் எவரும் இல்லாமலே அங்கே ஒழுங்கு நிலைக்கிறது. உயிர்களையும் அவை வாழும் மண்ணையும் நீரையும் பிரிக்காமல் ஒரே அமைப்பாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி 1935-இல் சூழலமைப்பு என்னும் கருத்தை முன்வைத்தார்.

இந்த ஒழுங்குக்கு ஒரு நிபந்தனை உண்டு: உள்ளே வரும் சத்துக்கும் வெளியே போகும் சத்துக்கும் கணக்கு ஏறத்தாழ ஒத்துவர வேண்டும். நம் குளங்களில் சத்து வெளியேறுவதற்கு முன்னோர் நல்ல வழிகளை வைத்திருந்தார்கள். மடை வழியாக அது வயலுக்குப் போனது. குளம் நிறைந்து வழியும் மறுகால் வழியாக அடுத்த குளத்துக்குப் போனது. வலையில் மீனாக ஏறியது. கோடையில் கரம்பை என்னும் வண்டல் மண்ணாக வண்டி வண்டியாகக் கரையேறியது. கீழே சொல்லப்போகும் குறிகளில் பெரும்பாலானவை, இந்த வழிகளில் ஏதோ ஒன்று அடைபட்டதாலோ, உள்ளே வருவது அளவு மீறியதாலோ தோன்றுபவை. ஆகவே குறியை மட்டும் அகற்றிவிட்டுத் திரும்பினால், அதே சத்து வேறு உருவில் மேலே வரும்.

பரிசோதனைக்கு நான்கு பொருள்கள் போதும்: கயிற்றில் கட்டிய ஒரு வெள்ளைத் தட்டு, மூடியுள்ள ஒரு கண்ணாடிப் புட்டி, ஆள் உயரக் கம்பு ஒன்று, விடியுமுன் எழுந்து போகும் மனம். தட்டை மெல்ல நீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் கயிற்றில் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். இத்தாலிய வானியலாளரும் பாதிரியாருமான ஆஞ்செலோ செக்கி 1865-இல் கடல்நீரின் தெளிவை அறியக் கையாண்ட முறை இது. இன்றும் இதைவிட எளிய கருவி கிடையாது. மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில், நண்பகல் நேரத்தில் அளந்தால்தான் எண்களை ஒப்பிட முடியும்.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன

எல்லாக் குறிகளிலும் அவசரமானது இதுதான். பாளையங்கோட்டைக்குக் கிழக்கே உள்ள ஒரு குளத்தில், ஐப்பசி பிறந்த புதிதில், இரண்டு நாள் வானம் மூடாக்காக இருந்த பிறகு நான் இதைக் கண்டேன். நீர்மட்டத்தை ஒட்டி நூற்றுக்கணக்கான வட்ட வாய்கள் அசைந்துகொண்டிருந்தன; கல் எறிந்தும் அவை கலையவில்லை. மடை பார்க்கும் பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "காத்து நின்னுட்டுல்லா தம்பி, மீனுக்கு மூச்சு முட்டத்தான் செய்யும்" என்றார். எட்டு மணிக்குள் பெரிய கட்லாக்கள் வயிறு வெளுத்து மிதந்தன.

பெரியவர் சொன்னது முழு உண்மை. ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 30 பாகை வெப்பத்தில் உள்ள ஒரு லிட்டர் குளத்து நீரோ, காற்றிலிருந்து மட்டும் பெற்றால், 7.5 மில்லிகிராம் அளவுக்கே அதைக் கரைத்து வைத்திருக்கும். பகலில் பாசியும் செடியும் வெயிலின் துணையால் ஆக்சிஜனை வெளிவிடுகின்றன. இரவில் அவையும் மீனும் பாக்டீரியாவும் சேர்ந்து அதைச் செலவழிக்கின்றன. எனவே பொழுது விடியும் வேளையில்தான் இருப்பு மிகக் குறைவாக இருக்கும். மூடாக்கு நாளில் வரவு குறைகிறது. காற்று நின்றால் மேற்பரப்பு கலங்கி உள்வாங்குவதும் நின்றுபோகிறது. ஆனி ஆடியில் மேல்காற்று வீசும் காலத்தில் இந்தக் குறி அரிதாகவும், காற்று ஓய்ந்து வடகிழக்குப் பருவமழைக்கு மேகம் கூடும் நாள்களில் அடிக்கடியும் தோன்றுவதற்கு இதுவே காரணம். திடீரென்று கொட்டும் குளிர்ந்த இடிமழையும், அடியில் ஆக்சிஜன் இன்றிக் கிடந்த நீரை மேலே புரட்டிவிட்டு இதே விளைவைத் தரக்கூடும்.

முதலில் உறுதி செய்ய வேண்டியது, இது மூச்சுத் திணறலா, நஞ்சா என்பது. மூச்சுத் திணறலில் விடியற்காலையில் சாவு தொடங்கும். பெரிய மீன்கள் முதலில் சாகும். கட்லாவும் ரோகும் விழுந்த பிறகும், காற்றையே நேராகச் சுவாசிக்கக்கூடிய விராலும் பனையேறிக் கெண்டையும் உயிரோடு இருக்கும். பூச்சிமருந்து கலந்திருந்தால் நேரம் காலம் இல்லை. குஞ்சும் பெரியதும், விராலும் கெண்டையும், தவளையும் நீர்ப்பூச்சியும் ஒருசேரச் சாகும். பின்னது என்று ஐயம் தோன்றினால் அந்த மீனை ஒருவரும் உண்ணக் கூடாது. மாடுகளை இறக்கக் கூடாது. சுத்தமான கண்ணாடிப் புட்டியில் நீரெடுத்துப் பனிக்கட்டியில் வைத்து மீன்வளத் துறையிடம் அன்றே சேர்க்க வேண்டும்.

மூச்சுத் திணறல்தான் என்றால், கால்வாயில் நீர் இருக்கும்போது அதைத் திறந்துவிடுவதே முதல் உதவி. கால்வாய் வறண்டிருந்தால், எண்ணெய் எஞ்சின் வைத்துக் குளத்து நீரையே இறைத்து, உயரத்திலிருந்து சிதறி மீண்டும் குளத்திலேயே விழச் செய்யலாம். முழுக் குளமும் சரியாகாவிட்டாலும், அந்த ஒரு மூலையில் மீன்கள் வந்து ஒதுங்கிப் பிழைக்கும். மீன் குத்தகைக்காரர் தீனியும் கோழி எருவும் போடுவதை உடனே நிறுத்த வேண்டும், ஏனெனில் அவை அழுகுவதற்கும் ஆக்சிஜன்தான் செலவாகும். செத்த மீன்களை அன்றே அள்ளிக் கரைக்கு அப்பால் புதைக்க வேண்டும். இவ்வளவும் அன்றைய ஆபத்தைத் தாண்ட உதவும். ஆக்சிஜனை இரவில் இவ்வளவு வேகமாகச் செலவழிக்கும் கூட்டம் குளத்தில் எப்படிச் சேர்ந்தது என்பதற்கு விடை அடுத்த குறியில் இருக்கிறது.

நீர் பச்சைச் சாயம் கரைத்ததுபோல் இருக்கிறது

வெள்ளைத் தட்டு ஓரடிக்குள் மறைந்தால் பாசி மிகுந்துவிட்டது என்று கொள்ளலாம். ஆனால் எந்தப் பாசி என்பது முக்கியம். கண்ணாடிப் புட்டியில் முக்கால் பங்கு நீரெடுத்து, அசைக்காமல் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். பச்சை நீர் முழுதும் பரவி நின்றாலோ அடியில் படிந்தாலோ அது பெரும்பாலும் சாதாரணப் பச்சைப் பாசி, மீனுக்கு உணவாகும். மேலே திரண்டு பாலாடை போல ஒரு பச்சை வளையம் கட்டினால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதன் உயிரணுக்களுக்குள் நுண்ணிய காற்றறைகள் இருப்பதால் அது மிதந்து வெயிலைப் பிடிக்கிறது. தனக்குக் கீழே உள்ள மற்ற பாசிகளை நிழலில் தள்ளிவிடுகிறது. நீர்த்தெள்ளு அதை மேய்வதற்குத் தடுமாறுகிறது. இப்படித்தான் குளத்தின் ஒழுங்கு ஓர் உயிரின் பக்கம் சாய்கிறது.

இந்தப் பாசியின் சில வகைகள் கல்லீரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்குகின்றன. கொதிக்க வைத்தாலும் அந்நஞ்சு அழியாது. காற்று தள்ளிக்கொண்டு போய்ச் சேர்க்கும் கரையில் பச்சைப் பெயின்ட் ஊற்றியதுபோல் ஆடை ஒதுங்கியிருந்தால் அந்தக் கரையில் ஆடுமாடுகளுக்குத் தண்ணீர் காட்டக் கூடாது. பிள்ளைகளைக் குளிக்க விடக் கூடாது. மயில்துத்தம் என்னும் செம்பு உப்பைக் கரைத்து ஊற்றிப் பாசியைக் கொல்லலாம் என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். பாசி செத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் செத்த உடலிலிருந்து நஞ்சு மொத்தமாக நீரில் இறங்கும், அழுகும் பாசி ஆக்சிஜனை உறிஞ்சி இரண்டு மூன்று நாளில் மீன்களைச் சாகடிக்கும், செம்பு சேற்றில் தங்கி நத்தையையும் நீர்த்தெள்ளையும் அழிக்கும். மேய்பவர்களைக் கொன்றுவிட்டுப் புல் வளர்கிறதே என்று வருந்துவதாக அது முடியும்.

காரணத்தைக் கால்வாய் வழியே நடந்து தேட வேண்டும். பாசிக்குத் தேவையான சத்துகளில் பொதுவாக முதலில் தீர்ந்துபோவது பாஸ்பரஸ். அதனால் அது வரும் அளவே பாசியின் அளவைத் தீர்மானிக்கிறது. கடலில் மிதக்கும் நுண்பாசிகளுக்கு அமெரிக்கக் கடலியலாளர் ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு கண்ட விகிதத்தின்படி கணக்கிட்டால், ஒரு கிராம் பாஸ்பரஸ் 100 கிராமுக்கு மேற்பட்ட உலர்ந்த பாசியை உண்டாக்கும். அந்தப் பாசி முழுதும் அழுகிச் சிதைவதற்கு ஏறத்தாழ 140 கிராம் ஆக்சிஜன் வேண்டும். முன்னே சொன்ன 7.5 மில்லிகிராம் கணக்கில் அது சுமார் 18,700 லிட்டர் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் முழுவதற்கும் சமம். ஒரு கிராம் என்பது ஒரு சிட்டிகை! சாக்கடை, சோப்புநீர், மாட்டுத்தொழுவக் கழுவல், வயலிலிருந்து வடியும் உரநீர் ஆகிய நான்கும் எந்த இடத்தில் கால்வாயில் சேர்கின்றன என்று ஒரு தாளில் வரைந்துகொண்டு, பெரிய வாயை முதலில் அடைக்க வேண்டும். நான் கண்ட அந்த மீன் சாவுக்கும் ஊருக்குள்ளிருந்து வந்து மறைவாகக் கால்வாயில் இறங்கிய ஒரு சாக்கடைதான் தொடக்கம். நேராக அடைக்க வழியில்லாதபோது, அந்த நீரைக் கோரையும் சம்பும் அடர்ந்த ஒரு தாழ்ந்த இடத்தில் சில நாள் தங்கவிட்டு அனுப்பலாம். ஆனால் அந்தச் செடிகளை ஆண்டுக்கொருமுறையாவது அறுத்து அப்புறப்படுத்தாவிட்டால், அவை பிடித்து வைத்த சத்து மறுபடியும் குளத்துக்கே வந்து சேரும்.

அமலைச்செடி குளத்தை மூடிவிட்டது

பாசிக்கும், ஆகாயத்தாமரை என்றும் சொல்லப்படும் அமலைக்கும் உணவு ஒன்றுதான். யார் முந்திக்கொள்கிறார் என்பதே வேறுபாடு. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இச்செடி, சத்துள்ள வெதுவெதுப்பான நீரில் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகக்கூடியது. பத்தில் ஒரு பங்கு குளம் மூடியிருக்கும்போது ஒருவரும் கவலைப்படுவதில்லை. அடுத்த இரண்டு மாதத்துக்குள் முழுக் குளமும் மூடிவிடும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்போதே இறங்கியிருப்போம்.

மருந்தடிப்பது இங்கும் கூடாது, முன்பு சொன்ன அதே காரணத்தால். கையாலோ இயந்திரத்தாலோ அகற்றும்போது இரண்டு தவறுகள் வழக்கமாக நேர்கின்றன. ஒன்று, அள்ளியதைக் கரைச்சரிவிலேயே குவித்துவிட்டுப் போவது. முதல் மழையில் அதன் சாறு குளத்துக்குள் வழிந்துவிடும். செடியின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்பதால், இரண்டு நாள் கரைக்கு வெளிப்பக்கம் வாடவிட்டு, எடை குறைந்ததும் வயலுக்கோ வாழைத்தோப்புக்கோ உரமாக ஏற்றிவிட வேண்டும். மற்றொன்று, ஒரே வீச்சில் முழுவதையும் அகற்றுவது. அமலை உண்டுகொண்டிருந்த சத்தெல்லாம் அப்போது நீரில் உரிமையாளர் இன்றி நிற்கும். மூன்றாம் வாரம் குளம் பச்சையாகிவிடும். வரவை அடைத்த பிறகு, பகுதி பகுதியாக எடுத்துக்கொண்டே போவதுதான் என் அனுபவத்தில் நிலைத்த பலன் தந்திருக்கிறது. இதன் விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் என்பதால் ஆண்டுதோறும் முளைப்பதைப் பொறுக்க ஆள் வைக்க வேண்டும். இச்செடியை மட்டும் தின்னும் கூன்வண்டுகள் 1980-களில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு நீர்நிலைகளில் விடப்பட்டன; இலையில் சிறு சிறு வட்டச் சுரண்டல்கள் தெரிந்தால் அவை அங்கே வேலை செய்கின்றன என்று அறியலாம்.

சேறு கறுத்து, அழுகிய முட்டை வாடை வீசுகிறது

கம்பை முழங்கால் ஆழ நீரில் ஊன்றி மெல்ல உருவுங்கள். நல்ல குளத்தில் சேற்றின் மேற்புறத்தில் சில மில்லிமீட்டர் கனத்துக்குப் பழுப்பான ஒரு தோல் இருக்கும். அந்த மெல்லிய தோல் குளத்தின் ஒழுங்குக்கு எவ்வளவு செய்கிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்புத் தீர்வதில்லை. அங்கே ஆக்சிஜன் எட்டுவதால் இரும்பு துருவாக இருக்கிறது. துரு பாஸ்பரஸை இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. மேலே நீரில் ஆக்சிஜன் அற்றுப்போனால் துரு கரைகிறது, பிடித்து வைத்திருந்த பாஸ்பரஸ் முழுவதும் நீருக்குள் விடுபடுகிறது, பாசி பெருகுகிறது, அது செத்து விழுந்து மேலும் ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. கம்பு மேலிருந்து கீழ்வரை மை பூசியதுபோல் கறுத்து வந்து, முட்டை நாற்றமும் அடித்தால் இந்தச் சுழல் தொடங்கிவிட்டது. சாக்கடையை அடைத்து இரண்டு ஆண்டு ஆன பிறகும் குளம் பச்சையாகவே இருக்கிறதே என்று மனம் தளர்பவர்கள் இதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். வரவு நின்றுவிட்டது, பழைய சேமிப்பு செலவாகிக்கொண்டிருக்கிறது.

இதற்கு மருந்து கரம்பை எடுப்பது. கோடையில் நீர் வற்றியதும் கறுத்த வண்டலை மட்டும் வழித்து வயலுக்கு ஏற்ற வேண்டும். பயிருக்கு அது நல்ல உரம்; குளத்துக்கு அது பழைய கடன் தீர்வது. இயந்திரத்தை இறக்கும்போது அருகில் ஆள் நின்று பார்க்க வேண்டும்: வண்டலுக்குக் கீழே நீரைப் பிடித்து வைக்கும் களிமண் படுகை இருக்கிறது, அதையும் தோண்டிவிட்டால் மறு ஆண்டு மறுகால் பாய்ந்த பிறகும் தண்ணீர் நிற்காமல் கீழே இறங்கிவிடும்.

சில்லறைக் குறிகள்

நீரின்மேல் செம்மண் நிறத்தில் ஆடை படர்ந்தால் கையில் எடுத்துப் பாருங்கள். சிறு சிறு செதில் இலைகளாக இருந்தால் அது அசோலா என்னும் மிதக்கும் பெரணி. கடும் வெயிலிலும் சத்துக் குறைவிலும் அது சிவக்கும், கெடுதல் இல்லை. கால்வாயில் புதுவெள்ளம் வந்த நாள்களில் நீர் கலங்கலாக இருப்பது இயல்பு. தை மாசி ஆகியும் தெளியாமல், புட்டியில் வைத்தால் மட்டும் தெளிந்தால், அடியைக் கிளறும் மீன்கள் மிகுந்து வேர்ச்செடிகள் அழிந்துவிட்டன என்று பொருள். சாதாக்கெண்டையையும் ஜிலேபிக் கெண்டையையும் வலைபோட்டுக் குறைக்க வேண்டும். ஓரங்களில் கொசுப்புழு நெளிந்தால், தட்டானின் இளவுயிரிகளும் சிறு மீன்களும் அங்கே எட்ட முடியாதபடி குப்பையோ அமலையோ அடைத்திருக்கும். அதை நீக்கினால் போதும்.

நாரைகள் கூட்டைக் கைவிட்டுப் போனால் மரத்தடியைப் பாருங்கள். 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கூந்தன்குளம் போன்ற இடங்களில் பறவைகள் நீருக்குள் நிற்கும் கருவேல மரங்களை விரும்புவதற்குக் காரணம், சுற்றியுள்ள நீர் கூட்டுக்குக் காவலாக இருப்பது. குஞ்சு பறக்குமுன் அடியில் நீர் வற்றினால் நாயும் கீரியும் எட்டிவிடும். மடை திறக்கும் நாளை ஊரார் கூடிப் பேசித் தள்ளிவைக்க முடியுமானால் அது பெரிய உதவி.

குளம் வற்றுவதே இல்லை

இதை ஒரு கோளாறாக நான் சேர்த்திருப்பதைக் கண்டு சிலர் வியக்கலாம். கார், பிசானம் ஆகிய இரண்டு நெல் பருவங்களுக்கும் நீர் கொடுத்துவிட்டுப் பங்குனி சித்திரையில் வற்றிக் கிடப்பதே நம் குளங்கள் பலவற்றின் இயல்பு. அந்த வறட்சியில் சேறு பாளம் பாளமாக வெடிக்கிறது. வெடிப்பு வழியே காற்று இறங்கிக் கறுத்த மண்ணைப் பழுப்பாக்குகிறது. அழுகாமல் கிடந்தவை மக்கித் தீர்கின்றன. மிதமிஞ்சிப் பெருகிய அயல்மீன்கள் அற்றுப்போகின்றன. விரால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து காத்திருக்கிறது. நீர்த்தெள்ளு தடித்த ஓடுள்ள முட்டைகளை மண்ணில் விட்டுச் செல்கிறது. ஊர் பெருகிச் சாக்கடை ஆண்டு முழுதும் வடிவதால் வற்றாமல் நிற்கும் குளம், பார்வைக்கு நிறைந்திருந்தாலும், ஓய்வு கிடைக்காத குளம்.

ஆகவே வழி இது: சாக்கடைக்கு மாற்றுப் பாதை அமைத்தபின், இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது, மீன் ஏலத்தை முன்கூட்டியே முடித்து, மடையைத் திறந்து, குளத்தை ஒரு மாதமேனும் காயவிட வேண்டும். எல்லாப் பகுதியும் காய வேண்டியதில்லை; மடைக்கு அருகே உள்ள பள்ளத்தில் கொஞ்சம் நீர் இருந்தால் ஆடுமாடுகளுக்கும் பறவைகளுக்கும் உதவும். பிறகு கால்வாயில் முதல் நீர் வந்து ஒரு வாரம் சென்றதும், அதே கண்ணாடிப் புட்டியில் நீரெடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெடித்த மண்ணுக்குள் கிடந்த முட்டைகள் பொரித்திருந்தால், நீருக்குள் வெள்ளைப் புள்ளிகள் விட்டுவிட்டுத் துள்ளுவது தெரியும். அவற்றை எண்ணிக் குறித்துவைத்து, அடுத்த மாதம் வெள்ளைத் தட்டு மறையும் ஆழத்தோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.